சுக்குக் களத்தில் காய்ந்த கடற்பாசி

மகனே,

நம் தமிழ்ச் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். செயலாளர் வீடு தேடி வந்து, இத்தனை காலமாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறீர்களே, சுக்கு வைத்தியம் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். உட்கார்ந்து எழுதப் பார்த்தால் சுக்கு வரவில்லை, நீதான் வந்தாய். அதனால் உனக்கே எழுதுகிறேன். இதை மலரில் போடுவதும் போடாததும் அவர் பாடு. அச்சாகி வர நாளாகும், அதற்கு முன்னால் இந்தத் தாள்களை, என்னோடு சுக்கு பொறுக்கும் ஆமினாவின் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். மலையாளம் என்றால் நீ ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவாய், தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகவே படி. அவ்வளவு நேரமாவது என்னோடு இருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நார்வேயில் உன்னை இன்னும் சில வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், கடற்பாசியிலிருந்து கிருமிக்கு மருந்து கண்டுபிடிக்கும் உன் வேலை இப்போதுதான் ஒரு வழிக்கு வந்திருக்கிறது, ஆனால் நீ முடியாது என்று சொல்லிவிட்டு வரப் போகிறாய். எர்ணாகுளத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை விற்கிற வேலை பார்த்து வைத்திருக்கிறாய். "அம்மாக்கு அங்க யாரிருக்கா?" என்று கேட்டாய். சாப்பிட்டாயா, குளிருக்கு என்ன போட்டிருக்கிறாய் என்று பேச்சை மாற்றிவிட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். என்னைக் காரணம் காட்டிச் சொல்லப் போகிற பதில் அது. அப்படியானால் எனக்கும் அதில் ஒரு வார்த்தை உண்டு அல்லவா?

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க இன்னும் கை பழகவில்லை, தினமும் மிஞ்சுகிறது, மறுநாள் காலையில் அதையே தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறேன். தோப்பும்படியிலிருந்து மீன் கொண்டுவரும் சேட்டன் என் பாத்திரத்தைப் பார்த்தாலே சிரிக்கிறார். "பூனைக்கா சேச்சி?" என்று ஒரு நாள் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்ததும் எனக்கு அழுகை வந்தது. டிவியில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை, ஆள் குரல் கேட்க வேண்டுமே என்று போட்டு வைக்கிறேன். மழைக்காலத்தில் பேச்சுக்குக்கூட யாரும் வாசலுக்கு வருவதில்லை. உன் அப்பா போனபோது நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். குப்பை வண்டியோடு காலையில் போன மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுகூட நான் இவ்வளவு தனியாக இல்லை. சாயங்காலம் நீ பையைத் தூக்கிக்கொண்டு வருவாய், பசிக்கிறது என்பாய், அடுப்பைப் பற்ற வைக்க ஒரு காரணம் இருந்தது. இதையெல்லாம் மறைத்துக்கொண்டு தைரியசாலி வேஷம் போட எனக்கு விருப்பம் இல்லை. நான் தனியாகத்தான் இருக்கிறேன். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நீ கடற்பாசி பற்றிப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாள் நினைவிருக்கிறதா? களத்தில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். ஆமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காயல்ல மெதக்கற பாயலுக்கா சேச்சி டாக்டர் பட்டம் குடுக்கறாங்க?" என்றாள். அந்த வாரம் காயலில் பாயல், அதாவது ஆகாயத்தாமரை, வந்து அடைத்துப் படகே நின்று போயிருந்தது. அதை ஒரு ஆள் படித்துத்தான் தீர வேண்டுமா என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். அன்று நீ கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். இது அந்தப் பாயல் இல்லை, உப்புக் கடலில் பாறையைப் பிடித்துக்கொண்டு வளர்வது, நம் காயலின் கலங்கல் தண்ணீரில் அதைத் தேடினால் கிடைக்காது என்றாய். கடல் தண்ணீர் முழுக்கக் கிருமி. பாசிக்கு ஓடவும் தெரியாது, ஒளியவும் தெரியாது. ஆனாலும் உயிரோடு இருக்கிறவரை அது அழுகுவதில்லை. கிருமியை அண்டவிடாமல் எதையோ அதுவே உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. சில சமயம் பாசியின் மேலே குடியிருக்கிற வேறு நல்ல கிருமிகள் அதை உண்டாக்கிக் கொடுக்கும் என்றும் சொன்னாய். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்குக் காவலும் இருக்கிறான் போலிருக்கிறது என்றேன். நீ சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாய். அந்த எதையோதான் நான் தேடப் போகிறேன் என்று சொன்னாய். அப்போது உன் முகத்தைப் பார்த்ததும் என் சந்தேகம் போய்விட்டது.

அப்புறம் அந்த மூட்டைக் கதை. மலர் படிக்கிறவர்களும் கொஞ்சம் சிரிக்கட்டும். நீ மண்டபம் கடற்கரைக்குப் போய்ப் பாசி எடுத்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட மூட்டையோடு பஸ்ஸில் வந்து வைட்டிலாவில் இறங்கினாய். வழி முழுக்கக் கண்டக்டர் நாற்றம் தாங்காமல் உன்னோடு சண்டை போட்டாராம். நீ படித்த இடத்து ஆய்வகம் அன்றைக்குப் பூட்டியிருந்தது. நீ வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தவன்தான், அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டாய். ஈரப் பாசி மூட்டைக்குள்ளேயே புழுங்குகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. காய வைப்பதுதானே என் பிழைப்பு? நானும் ஆமினாவும் மூட்டையைக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உச்சி வெயிலில், சுக்கு காய வைக்கிற சிமென்டுத் தரையில், ஒரு துணுக்குகூட ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பினோம். சுக்குக்குப் பூச்சி பிடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு போடுவது எங்கள் வழக்கம். யோசிக்கவே இல்லை, கை தானாகச் சுண்ணாம்புக் கூடைக்குப் போய்விட்டது. உன் பாசிக்கும் நன்றாகத் தூவிவிட்டேன். தூங்கி எழுந்து ஓடி வந்தாய். அதற்குள் சிவப்பாய் இருந்த பாசியெல்லாம் வெள்ளை வெளேரென்று, கல்யாண வீட்டு வடகம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. நான் பெருமையாக உன்னைப் பார்த்தேன். நீ தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "அம்மா, இத நெழல்ல காய வைக்கணும்மா" என்றாய். ஆமினா மெதுவாக நழுவிவிட்டாள்.

நீ மறுபடி மண்டபம் போய்ப் புதிதாகக் கொண்டு வந்தாய். இந்தத் தடவை கிடங்கு மாடியில், கூரைக்குக் கீழே, வெள்ளைத் துணி விரித்துக் காய வைத்தோம். வெயிலும் சூடும் பட்டால் உள்ளே இருக்கிற சத்து செத்துப்போகும் என்று நீ சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு கொத்தாகக் கையால் திருப்பிப் போட்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டியிருந்த சின்னச் சின்னச் சிப்பிகளைப் பொறுக்கினாய். நாம் இரண்டு பேரும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தது வாழ்க்கையில் அந்தச் சில நாள்தான். நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். கொஞ்ச மாதம் கழித்து நீ போனில் ஒரு படம் காட்டினாய். கண்ணாடித் தட்டு முழுக்கத் தோசை மாவு தடவினாற்போல் வெள்ளையாகக் கிருமி. நடுவில் ஒரு சின்னக் காகிதப் பொட்டு, அதைச் சுற்றி மாவை யாரோ விரலால் வழித்தெடுத்த மாதிரி சுத்தமாக ஒரு வட்டம். பொட்டில் இருப்பது நம் மாடியில் காய்ந்த பாசியின் சாறு, அது கிருமியைக் கொன்ற இடம்தான் அந்த வட்டம் என்றாய். ஆஸ்பத்திரி மருந்து எதற்கும் சாகாத ரகக் கிருமி அது என்றும் சொன்னாய். உன் போனை வாங்கிப் போய் அந்தப் படத்தை ஆமினாவுக்கும் காட்டினேன். பாயல் என்று சிரித்தவள் படச்சோனே என்று கடவுளைக் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

என் கால் கதை உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் நீ முழுசாகக் கேட்டதில்லை. களத்தில் சுக்கைக் கிளறுவதற்குக் கரண்டியோ பலகையோ கிடையாது, வெறுங்காலோடு உள்ளே இறங்கிக் காலை இழுத்து இழுத்து நடப்போம். நடக்கிற வழியில் சுக்கு புரண்டு கொடுக்கும். சுண்ணாம்பு பட்டுப் பட்டு எல்லாருக்கும் குதிகாலும் விரலிடுக்கும் வெடித்துத்தான் இருக்கும். வெடித்தால் பக்கத்துக் கிடங்கில் மஞ்சள் தூள் ஒரு பிடி வாங்கி உள்ளே வைத்து அழுத்துவோம். நானும் அதைத்தான் செய்தேன். சர்க்கரை வந்த கால் என்பதால் வலியே தெரியவில்லை, வலிக்காததனால் ஆறுகிறது என்று நினைத்தேன். மேலே மஞ்சள் நன்றாக இறுகிக் காய்ந்திருந்தது, அடியில் சீழ் பிடித்துப் பரவிக்கொண்டிருந்தது. நீதான் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்து, என்ன நாற்றம் என்று கேட்டுக் காலைப் பிடித்துப் பார்த்தாய். ஆஸ்பத்திரியில் ஒரு மருந்தை மாற்றி இன்னொன்று போட்டார்கள், அந்தக் கிருமி எதற்கும் அசையவில்லை. பாதத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் விரல்களை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வார்டில் நாம் பேசியதை நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அதற்கப்புறம் நாம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

"அன்னிக்கு படம் காட்டினியே, வட்டம் விழுந்த தட்டு. அதே ரகக் கிருமிதானே இது?"

"அதே ரகந்தாம்மா."

"அப்ப அந்தச் சாறக் கொஞ்சம் கொண்டு வா. ஒரு தடவ வச்சுப் பாக்கலாம். யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

"முடியாதும்மா. அது மருந்து இல்ல. தட்டுல கிருமியக் கொல்லுது, அவ்ளோதான் தெரியும். ஒன் ரத்தத்துல போனா அது கிருமியக் கொல்லுமா, ஒன்னக் கொல்லுமான்னு எனக்குத் தெரியாது. ஒலகத்துல யாருக்கும் தெரியாது."

"ஊர்ல இருக்கறவங்க காலுக்குத்தான் ஒன் மருந்து. பெத்தவ காலுக்கு இல்ல. அப்படித்தானே?"

நீ போர்வையை இழுத்து என் காலை மூடிவிட்டு வெளியே போய்விட்டாய். மறுநாள் விரல்களை எடுத்துவிட்டார்கள். நான் கேட்டது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். காலில் கத்தி வைக்கப் போகிறார்கள் என்றால் யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். நீ மாட்டேன் என்றதும் தப்பு இல்லை. ஆனால் அதிலிருந்து நீ என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நார்வேக்குப் போன பிறகும், ஆமினாவின் போனில் வீடியோவில் வந்தால் முதலில் "காலக் காட்டும்மா" என்கிறாய். காலைக் காட்டிக் காட்டி என் முகம் உனக்கு மறந்தே போயிருக்கும். நீ திரும்பி வர நினைப்பது நான் தனியாக இருக்கிறேன் என்பதற்காக மட்டும் இல்லை, அந்த விரல்களுக்காகவும்தான். அவை போனது உன்னால் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாய். பெற்றவளுக்கு இது தெரியாதா?

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன், பதறாதே. மழைக்கு முன்னால் அந்தக் காலிலேயே குதிகாலில் மறுபடி வெடித்தது. இந்தத் தடவை மஞ்சள் பக்கமே போகவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆறிவிட்டது. அங்கே கட்டு மாற்றும் அறைக்கு வெளியே என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். தோப்பும்படிக்காரி, புருஷன் போட்டில் மீன் பிடிக்கப் போகிறவன். பிள்ளை பெற்றுச் சில வாரம்தான் ஆகியிருந்தது. ஆபரேஷன் செய்த வயிற்றுப் புண் மூடவே இல்லை, அவளுக்கும் எந்த மருந்தையும் மதிக்காத கிருமிதானாம். குழந்தை அக்கா வீட்டில். இங்கே காத்திருக்கிற நேரத்தில் பால் ஊறி ஜாக்கெட் நனைந்துவிடும், முந்தானையால் மூடி மூடிப் பார்ப்பாள். எனக்குப் பார்க்கவே பொறுக்காது. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இதுக்கு மருந்தே இல்லையா அம்மே என்று கேட்டாள். நான் சட்டென்று சொல்லிவிட்டேன். "வரும் மோளே. என் மகன் அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கான்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. அவளுக்கு எப்போது கிடைக்கும்? நாளைக்கா, அடுத்த மாதமா? அந்தச் சாறை இப்போதே கொண்டு வா என்று அவள் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? நீ என்னிடம் சொன்னதைத்தானே சொல்ல வேண்டும்? அடுத்த முறை போனபோது, மோளே, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், அது மருந்தாகி வர வருஷங்கள் ஆகும், உனக்குக் கிடைக்காது என்று சொன்னேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கு வறண்டுவிட்டது. அன்று வார்டில் உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அவளுக்கு நான் அந்நிய மனுஷி, எனக்கே இவ்வளவு கஷ்டமாக இருந்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பெண் முந்தானையை இழுத்து ஜாக்கெட்டை மூடிக்கொண்டாள். அப்புறம் கோபமும் இல்லாமல், சிரிப்பும் இல்லாமல், "மோன்கிட்ட கொஞ்சம் வேகம் பண்ணச் சொல்லுங்க அம்மே" என்றாள். அவளுக்கு அதன் பிறகு ஒரு ஊசி பிடித்துக்கொண்டது, புண் கொஞ்சம் கொஞ்சமாக மூடி வருகிறது. அந்த ஊசியும் எத்தனை நாளைக்குக் கேட்கும் என்று தெரியாது என்று நர்ஸ் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அதனால்தான் எழுதுகிறேன். நீ வர வேண்டாம். மாத்திரை விற்க இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பாசிக்குள் இருப்பதைப் பிரித்தெடுத்து, அது மனுஷனைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்லுமா என்று பார்த்துச் சொல்ல நீ வேண்டும். கடைசியில் பார்த்தால் அது ஒன்றுக்கும் உதவாது என்று தெரியவரலாம், அப்படி எத்தனையோ போயிருக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியானால் அதையும் நேராகச் சொல்லிவிட்டு அடுத்த பாசியை எடு. யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள் என்பதற்காக, மருந்தாகாத ஒன்றை மருந்து என்று கையில் கொடுத்துவிடாதே. நான் கேட்டால்கூடக் கொடுக்காதே, நான் மறுபடி கேட்கக் கூடியவள்தான். என் விரல்களை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே, அவை என் காலில் இருந்தவை, மஞ்சள் வைத்து மூடினவளும் நான்தான். நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டால் போ, வேலை இருக்கிறது என்று சொல்லி அறைக்குள் அடைந்து கிடக்காதே. மனசுக்குப் பிடித்த பெண் யாராவது இருந்தால் சொல், அவள் சுக்குக் காப்பி குடிப்பாளா மாட்டாளா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுத வந்தேன், அது பொய்யாகிவிடும். கவலைப்படு, அதைக் கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இருந்துகொண்டே கவலைப்படு. நான் சர்க்கரைக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் சொல்கிற எம்.சி.ஆர். செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன், களத்தில் இறங்குவதில்லை, உட்கார்ந்து சுக்குத் தரம் பிரிக்கிறேன். ஆமினா தினமும் வீடுவரை கூட வருகிறாள். அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனதும் வீடு பெரிதாகிவிடுகிறது, அது மட்டும்தான் சிரமம். பொறுத்துக்கொள்வேன்.

இருக்கிறேன் என்று அவர்களிடம் நாளைக்கே சொல்லிவிடு. சொன்னதும் எனக்குப் போன் பண்ணு. நல்லது கண்ணா என்று சொல்லத்தான் நினைத்திருக்கிறேன். அதற்குள் அழுகை வந்துவிட்டால் நீ ஒன்றும் சமாதானம் சொல்ல வேண்டாம், வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் அழுது முடிக்கிறவரை போனை வைக்காமல் இரு.

அம்மா